கொழிஞ்சி வேர்க் கஷாயம்

ஆனி 9

கொழிஞ்சி முளைத்துவிட்டது. வைகாசிக் கடைசியில் பெய்த இரண்டு மழையை நம்பி விதைத்தது. மேற்கு மூலையில் கொஞ்சம் சொட்டை. மற்றபடி மூன்று மா நிலமும் பச்சை. காலையில் போய் வரப்பில் நின்று ஆசை தீரப் பார்த்துவிட்டு வந்தேன்.

இந்த டைரி வேதாரண்யம் உரக்கடைக்காரர் கொடுத்தது. நான் அவரிடம் யூரியா வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. இருந்தும் வருஷா வருஷம் கூப்பிட்டுக் கொடுக்கிறார், என்றைக்காவது திருந்துவேன் என்ற நம்பிக்கையில். விதைத்த தேதி, மழை, உழவு, இவ்வளவுதான் இதில் எழுதுவேன். இந்தச் சிவக்கொழுந்து என்ன காவியமா எழுதப்போகிறான்!

கஜா புயல் அன்று கடல் எங்கள் கொல்லைக்குள் வந்து முழங்கால் அளவு கறுப்புச் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. முந்திரி, மா, தென்னை ஒன்றும் மிஞ்சவில்லை. இனி இதில் புல்கூட முளைக்காது என்றார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நாலு பேர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திருப்பூர் போனார்கள். நான் போகவில்லை. இரண்டு மழைக்காலம் உப்பைக் கழுவட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கடற்கரை மணல்மேட்டில் தானாக மண்டிக் கிடக்கிற கொழிஞ்சியிலிருந்து விதை பறித்து வந்து விதைத்தேன். ஆடு மாடு வாய் வைக்காத, ஊதாவில் கடுகளவு பூப்பூக்கிற, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத செடி. ஊரே சிரித்தது. முதல் வருஷம் பாதி கருகியது. மீந்ததைப் பூவெடுத்ததும் எருவாக மண்ணுக்குள் மடக்கி உழுதேன். மறுவருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷம் கடலை போட்டேன், காய்த்தது. சிரித்தவர்கள் வந்து விதை கேட்டார்கள்.

அப்போது வேளாண்மை ஆபீசர் வந்து ஒரு செடியைப் பிடுங்கி வேரில் இருந்த முடிச்சுகளைக் காட்டினார். காற்றில் இருக்கிற தழைச்சத்தை இதுதான் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறதாம். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இருந்தால் செடி வேலை செய்கிறது. அன்று முதல் வாரத்துக்கு ஒரு செடியைப் பிடுங்கிக் கீறிப் பார்க்காவிட்டால் எனக்குச் சரிப்படாது.

என் சம்சாரம் தையல்நாயகிக்கு இது பெரிய வேடிக்கை. "கொழிஞ்சிதான் ஒங்களுக்கு மூத்த தாரம். நான் ரெண்டாவதாத்தான் வந்து சேந்தேன்" என்பாள். ஆனால் விதையை மணலோடு உரலில் போட்டுப் பதமாகக் குத்தித் தருகிறவள் அவள்தான். தோல் கெட்டி, குத்தாமல் விதைத்தால் முளைக்காது.

ஆனி 12

காலையில் பக்கிரிசாமி வந்தான். தையல்நாயகியின் தம்பி, அடுத்த தெரு. டீ குடிக்க வந்தவன் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே. "என்ன மாமா, அக்கா கண்ணு மஞ்சளா கெடக்கு?" என்றான்.

"மஞ்ச பூசிக் குளிச்சிருக்கா. ஏறியிருக்கும்" என்றேன்.

"ஆமாமா, கண்ணுக்குள்ளதான் பூசிக்கிட்டேன்" என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தோம்.

மேற்கு மூலைக்கு மறுவிதை போட்டாயிற்று.

ஆனி 15

மஞ்சள் பூச்சு இல்லை. வெயிலில் நிறுத்திக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். பூவரசம்பூ நிறம். நீர் கட்டன் காபி மாதிரி போகிறது என்றாள். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கத்தினேன். "இதப் போயி ஆம்பளகிட்ட எப்புடிச் சொல்றது?" என்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு வெட்கம்!

காமாலைதான். பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு இருபது வயதில் வந்தது. கொழிஞ்சி வேரை இடித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள், இருபது நாளில் கண் வெளுத்தது. இப்போது கொல்லை நிறைய மருந்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பேனா?

"அது மண்ணுக்குப் போடுற எருவுதானங்க?" என்றாள்.

"கடல் தின்ன மண்ணயே மீட்டுக் குடுத்துச்சு. ஒன் ஈரல மீட்டுக் குடுக்காதா?"



கொல்லையில் இருப்பது இளம் வேர், சத்திருக்காது. மணல்மேட்டுக்குப் போய்ப் பழைய செடியாகப் பார்த்துத் தோண்டினேன். ஒரு கை ஆழத்துக்குப் போகிறது வேர். கழுவி, இடித்து, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை அடுப்படியில் நின்றேன். தீப்பெட்டி இருக்கிற இடம் தெரியாமல் கால் மணி நேரம் தேடினேன். அவள் கதவருகே உட்கார்ந்து, "அந்த டப்பாவுக்குப் பின்னாடி, அதுக்கும் பின்னாடி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனி 22

எட்டாம் நாள் கஷாயம். காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர். பத்தியம்: உப்பில்லை, எண்ணெய் இல்லை, புளி மிளகாய் இல்லை. மோர்ச் சோறு மட்டும். குடித்ததும் ஒரு கற்கண்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிக்கிறாள்.

உடம்பெல்லாம் அரிக்கிறது என்கிறாள். பித்தம் தோல் வழியாக வெளியேறுகிறது, நல்லதுதான். வேப்பிலை அரைத்துத் தடவினேன்.

கொழிஞ்சிக்கு ஒரு மழை வேண்டும்.

ஆனி 29

மணிமொழி வீடியோவில் கூப்பிட்டாள். எங்கள் ஒரே பெண். திருச்சியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, மாப்பிள்ளையும் அங்கேதான். ஊரார் ரத்தத்தையெல்லாம் குழாயில் ஊற்றிப் பார்க்கிறவள், எதையாவது பார்த்தால் எண் எண்ணாகக் கேட்டுக் குடைவாள். தையல்நாயகியை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன், காற்று வரட்டும் என்று.

"அம்மா, மூஞ்சியே தெரியல, ஒரே இருட்டா இருக்கு" என்றாள் மணிமொழி.

"போனு பழசாயிடுச்சு" என்றேன் நான்.

தையல்நாயகி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா கண்ணு, பழசாயிடுச்சு" என்றாள்.

ஆடி 4

இன்று கண்ணில் கொஞ்சம் தெளிவு.

ஆடி 5

நேற்று மேகமாக இருந்தது. வெளிச்சம் போதாமல் பார்த்திருக்கிறேன்.

ஆடி 11

பக்கிரிசாமியோடு சண்டை. வந்ததும் வராததுமாக, "மாமா, கார் சொல்லிட்டேன், அக்காவ தஞ்சாவூரு ஆஸ்பத்திரிக்கு அழச்சிட்டுப் போறேன்" என்றான். கேட்காமல் எப்படிச் சொல்லுவான்? என் வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன்?

"இருவது நாளு சொன்னீங்க. நாளமறுநாளோட ஒரு மாசமாவுது. ஒடம்பு பாதியாயிட்டு. நீங்க என்ன வைத்தியரா?"

"கருகிக் கெடந்த மூணு மாவ எவன்டா எழுப்புனான்? அப்பயும் நீதான் மொத ஆளா சிரிச்ச."

"மாமா, அது மண்ணு. இது எங்கக்கா."

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. தையல்நாயகி எழுந்து நடுவில் வந்து நின்றாள். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. "பக்கிரி, நீ போ. கார வேணாம்னு சொல்லிடு. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான். அவளே வேண்டாம் என்றுதானே சொன்னாள். நான் யாரையும் தடுக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆடி 18

பெருக்குக்கு மணிமொழி வருகிறேன் என்றாள். ரோட்டையெல்லாம் வெட்டிப் போட்டிருக்கிறான், கொல்லையில் வேலை கிடக்கிறது, தீபாவளிக்கு வா என்று சொல்லிவிட்டேன். சித்திரான்னம் ஒன்றும் கிண்டவில்லை. பத்தியத்தில் இருக்கிறவள் முன்னால் வைத்துத் தின்ன எனக்குத் தொண்டையில் இறங்காது.

தாலிக்கயிறு மாற்றினாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை, ஊசி குத்தியிருந்தாள். உப்பில்லாச் சோறு தின்றால் யாருக்கும் உடம்பு இளைக்கத்தான் செய்யும்.

ஆடி 27

ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கீறிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. இந்த வருஷம் போல என்றைக்கும் இல்லை.

ஆவணி 3

கஷாயத்தை இன்று வாந்தி எடுத்துவிட்டாள். மறுபடி வைத்துக் கொடுத்தேன். அதையும் எடுத்தாள். மூன்றாவது முறை நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போனபோது, "சித்த நேரம் இங்க வந்து ஒக்காருங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். அவள் கை என் கைமேல் இருந்தது. மஞ்சள் நகம் வரைக்கும் வந்துவிட்டது. பக்கிரிக்குப் போன் செய்யலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. எந்த முகத்தோடு பேசுவது?

கொழிஞ்சி அரும்பு கட்டுகிறது.

ஆவணி 14

குழாயடியில் விழுந்துவிட்டாள். தூக்கினேன். ஐயோ, எடையே இல்லை. சின்னப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இருந்தது. நானே பக்கிரிக்குப் போன் செய்தேன். "பக்கிரி, அக்கா" என்றேன். "வந்துட்டேன் மாமா" என்று மட்டும் சொன்னான். நாளை விடியலில் கார்.

ஆவணி 15

தஞ்சாவூர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டாக்டர் அம்மா சின்ன வயசு. தையல்நாயகியின் கண்ணைப் பார்த்ததும் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தன நாளா கண்ணு மஞ்சளா இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தேதி தெரியும். இந்த டைரி என் வேட்டி மடிப்பில்தான் செருகியிருந்தது. ஆனி பன்னிரண்டு. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பக்கிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"பத்து நாளு இருக்கும்மா" என்றாள் தையல்நாயகி, படுத்தபடியே. "மொதல்ல நான்தான் யாருகிட்டயும் சொல்லல. தெரிஞ்ச மறுநாளே கூட்டியாந்துட்டாங்க."

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. பத்து நாள் என்று எழுதிக்கொண்டார்.

மாலை மணிமொழி திருச்சியிலிருந்து வந்தாள். அம்மாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழவில்லை. ரிப்போர்ட் எங்கே என்றுதான் முதலில் கேட்டாள்.

ஆவணி 19

கணையத்தின் முனையில் கட்டி. அது பித்தம் இறங்குகிற குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஈரலுக்கும் பரவிவிட்டது. ஆபரேஷன் முடியாது. குழாய் வைத்துப் பித்தத்தை இறக்கிவிடலாம், அரிப்பு குறையும், கொஞ்ச நாள் சுகமாக இருப்பார்கள் என்றார் டாக்டர். நானும் மணிமொழியும் பக்கிரியும் நின்றுகொண்டே கேட்டோம்.

"பத்து நாள்லயே வந்தும் இவ்வளவு பரவியிருக்குன்னா, இது ரொம்ப வேகமான வகை. நீங்க மொத நாளே வந்திருந்தாலும் பெருசா ஒண்ணும் மாறியிருக்காது. அதனால மனச அலட்டிக்காதீங்க" என்றார்.

பக்கிரி வெளியே போய்விட்டான். மணிமொழி என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த ரிப்போர்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு நான் மட்டும் திரும்பி டாக்டர் அறைக்குப் போனேன். "தெரிஞ்சவங்க ஒருத்தருக்காகக் கேக்குறேம்மா. இதே மாதிரி மஞ்சளாகி, ரெண்டு மாசம் வீட்லயே இருந்துட்டு வந்தா?"

"ரெண்டு மாசம் முன்னாடின்னா பரவாம இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆபரேஷன் பண்ணிப் பாத்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதுங்க. அவங்களச் சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

ஆவணி 24

குழாய் வைத்துவிட்டார்கள். அரிப்பு நின்றதில் இரண்டு நாளாகத் தூங்குகிறாள். மணிமொழி குளிக்கப் போயிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"ஏன் தையலு பொய் சொன்ன?"

"நீங்க நின்ன நெலயப் பாத்தேன். கோர்ட்டுல நிக்கிறாப்புல நின்னீங்க."

"நான் செஞ்சதுக்கு நான் நிக்க வேண்டியதுதானே?"

"நின்னு? எனக்கு என்ன ஆயிடப்போவுது?"

பிறகு அவளாகவே பேசினாள். "ஆடி மாசமே எனக்குத் தெரியும்ங்க, இது வேற ஏதோன்னு. பக்கிரி கூப்புட்டப்ப போயிருக்கலாம்தான்."

"பின்ன ஏன்டி போகல? ஏன் அந்தக் கசாயத்தக் குடிச்சிட்டே கெடந்த?"

"முப்பத்திரண்டு வருசத்துல நீங்க எனக்குன்னு அடுப்புக்கிட்ட நின்னது அதானே மொத தடவ. டம்ளரத் துண்டால புடிச்சிக்கிட்டு, ஊதி ஊதி ஆத்திக்கிட்டு வருவீங்க. வேணாம்னு எப்புடிங்க சொல்றது?"

எழுந்து வெளியே வந்துவிட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். பாவி, பாவி, ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா. ஒரு நாள் டம்ளரைத் தட்டிவிட்டிருக்கக் கூடாதா. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் ஒரு காபி போட்டுக் கொடுத்திருந்தால் இந்தக் கசப்பை அவள் அப்படிக் குடித்திருப்பாளா? யாரோ ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

புரட்டாசி 2

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மணிமொழி லீவு போட்டுவிட்டுக் கூடவே இருக்கிறாள். வேலையெல்லாம் அவளே செய்கிறாள், என்னிடம் அளவாகப் பேசுகிறாள். தூக்கமில்லாத பெண், அப்படித்தான் இருக்கும்.

பக்கிரி வந்து, "மாமா, கொழிஞ்சி பூவெடுத்துத் தள்ளிடுச்சு. இப்ப உழுதாத்தான் உண்டு. காய் புடிச்சா நாரேறிடும், மக்காது" என்றான். எனக்குத் தெரியாததா. கொல்லைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. கிடக்கட்டும் விடு என்றேன்.

புரட்டாசி 6

"இன்னக்கி எதாவது உப்பு ஒறப்பா திங்கணும்போல இருக்கு" என்றாள். மணிமொழி கடைக்குப் போயிருந்தாள். நானே கருவாட்டைக் கழுவி, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அவள் கட்டிலில் இருந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் போட்டேன். உப்பு எவ்வளவு என்று கேட்டதற்கு, "ரெண்டு மாசத்து பாக்கியையும் சேத்துப் போடுங்க" என்றாள்.

ஊட்டிவிட்டேன். இரண்டு வாய்தான் இறங்கியது. "நல்லாருக்குங்க" என்றாள். மிச்சத்தை நான் சாப்பிட்டேன். வாயில் வைக்க முடியாத உப்பு.

புரட்டாசி 13

காய்ச்சல். குழாயில் சீழ் பிடித்திருக்கும் என்கிறார்கள். மறுபடி தஞ்சாவூர் வேண்டாம் என்று அவள் மணிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த மணிமொழியின் கண் சிவந்திருந்தது. என்னம்மா சொன்னாள் என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

புரட்டாசி 20

தையல்நாயகி போய்விட்டாள். காலை ஆறேகாலுக்கு.

புரட்டாசி 24

பால் தெளித்த பிறகு முதல் முறையாகக் கொல்லைக்குப் போனேன். கொழிஞ்சி இடுப்பளவு நிற்கிறது. காயும் பூவுமாக, ஒரு செடிகூட வாடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிடித்துப் பிடித்து இழுத்தேன், வேரோடு வராததை மிதித்தேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன். உள்ளங்கை கிழிந்துவிட்டது. அரைக் குழி இடத்தைக்கூட என்னால் அழிக்க முடியவில்லை.

களைத்துப்போய் அங்கேயே மணலில் உட்கார்ந்தேன். செடி என்ன செய்யும்? என்னிடம் வந்து நான் காமாலைக்கு மருந்து என்று அது சொல்லவில்லை. மண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தது. அவளையும் இன்னொரு மூன்று மாவாக நினைத்துக்கொண்டது நான்தான். காத்திருந்தால் சரியாகும், பார்த்துக்கொண்டே இருந்தால் சரியாகும் என்று. அது மட்டுமா? பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சொல்வார்களோ என்ற பயம். அதைப் பக்கிரியிடமும் சொல்லவில்லை, இந்த டைரியிலும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். கையில் ரத்தம் நின்றதும் வீட்டுக்கு வந்தேன்.

புரட்டாசி 28

பக்கிரி என்னைக் கேட்காமலே டிராக்டர் விட்டு எல்லாவற்றையும் மடக்கி உழுதுவிட்டான். நல்லதாயிற்று.

ஐப்பசி 4

கருமாதி. பந்தலில் ஐம்பது அறுபது பேர். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. பத்தே நாளில் கண்டுபிடித்தும் காப்பாற்ற முடியவில்லையே, என்ன நோயோ இது, விதி வலிது என்று. வருகிறவர்களெல்லாம் என் கையைப் பிடித்து, "ஒங்கமேல ஒரு கொறையுமில்ல" என்றார்கள். நான் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினேன்.

சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது என் அக்கா சொர்ணாம்பாள் மணிமொழியைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கு நாக்கு எப்போதும் நீளம். "ஏன்டி, ஊரு ஒலகத்துக்கெல்லாம் ரத்தம் பாக்குறவ நீ. பெத்தவ கண்ணு மஞ்சளானது தெரியலயா? போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசுறேன்னு சொன்ன? ஆடிக்கு ஒரு எட்டு வந்து பாத்திருந்தா எங்க தையலு இருந்திருப்பா. படிச்சு என்ன பிரயோசனம்?"

மணிமொழி தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் அத்த" என்றாள்.

நான் நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வெற்றிலைத் தட்டைப் பார்த்தேன். யாரோ பாயசம் வேண்டுமா என்று கேட்டார்கள், பேச்சு மாறியது.

ஐப்பசி 5

ராத்திரி பூராவும் அந்த ஒரு பார்வைதான். விடிந்ததும் மணிமொழி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். போய் எதிரில் குந்தினேன். டைரியைப் பக்கத்தில் வைத்தேன்.

"பத்து நாளில்லம்மா. அறுபத்தாறு நாளு. ஆனி பன்னெண்டுலேருந்து. நான்தான் கொழிஞ்சிக் கசாயம் குடுத்துக்கிட்டு வச்சிருந்தேன். பக்கிரி கார் கொண்டாந்தான், நான் வெரட்டுனேன். ஒன்னய ஆடிக்கு வராதன்னு சொன்னதும் அதுக்குத்தான். வீடியோல வெளிச்சத்துக்கு முதுகக் காட்டி ஒக்கார வச்சதும் நான்தான்."

அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ப்பா."

"அம்மா சொன்னாளா?"

"மொத நாளு ரிப்போர்ட்டப் பாத்தப்பவே தெரியும். ரத்தத்துல பித்த அளவு, பிலிருபின், இருபத்தாறு. பத்து நாள்ல அது அவ்வளவு ஏறாது. தினம் அதத்தானே பாக்குறேன் நான். அம்மாவக் கேட்டேன். கடைசியில எல்லாத்தையும் சொல்லிட்டு, ஒங்கப்பாவ ஒரு வார்த்த கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"அப்ப நேத்து அத்த அப்புடிப் பேசுனப்ப நீ ஏன் சும்மா இருந்த?"

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "கேக்கக் கூடாதுன்னுதானே சத்தியம். நீங்களா வாயத் தெறப்பீங்களான்னு பாத்தேன்."

உள்ளே போய்விட்டாள்.

அக்கா ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கிரியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கூடத்தில் இருந்தார்கள். நடுவில் போய் நின்றேன். "நேத்து அந்தப் புள்ளயச் சொன்னியே, அது தப்புக்கா" என்று ஆரம்பித்தேன். தேதி தேதியாக, ஆனி பன்னிரண்டில் தொடங்கி ஆவணி பதினாலு வரைக்கும், இந்த டைரியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். ஆடி நாலில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். முடித்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கிரி எழுந்து வந்து என் கையில் இருந்த டைரியை வாங்கி மூடி, அலமாரியில் வைத்தான். "போதும் மாமா" என்றான்.

அக்கா பஸ்ஸுக்குப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மணிமொழியின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

ஐப்பசி 7

மணிமொழி இன்று திருச்சிக்குக் கிளம்பினாள். மாப்பிள்ளை வருகிறேன் என்றாராம், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அரிசி, பருப்பு எங்கெங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தாள். அம்மாவின் சேலையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டாள். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

பஸ் வர அரை மணி ஆயிற்று. புளியமரத்தடியில் நின்றோம். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "தீபாவளிக்கு வருவியாம்மா?" என்றேன்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒங்கள மன்னிச்சிடச் சொன்னாங்க அம்மா. சரின்னுட்டேன். ஆனா இன்னும் மனசு வரலப்பா. சொல்றதுக்காகச் சொல்ல முடியல. வந்துச்சுன்னா நானே போன் பண்றேன். அதுவரைக்கும் நீங்க பண்ணாதீங்க."

"சரிம்மா."

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது அவளுக்கு, ஆனால் நான் நிற்காத அந்தப் பக்கத்து ஜன்னல்.

வீட்டுக்கு வந்ததும் போனைச் சார்ஜில் போட்டேன். ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.